எஞ்சியது

1

சுண்டெலியின் சூலகம் மிகச் சிறியது. குறுக்களவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய சவ்வுப் பை ஒன்று உண்டு. 1925இல் அமெரிக்க உயிரியலாளர் சார்லஸ் டேவன்போர்ட், சூலகங்களை அறுத்தெடுத்த சுண்டெலிகளின் உடலில் மறுபடியும் சூலகம் வளர்ந்திருப்பதாக எழுதினார். 1927இல் பார்க்ஸ், ஃபீல்டிங், பிராம்பெல் ஆகிய மூவரும் இரு சூலகங்களையும் முழுமையாக நீக்கிய பிறகும் மறுவளர்ச்சி நடக்கிறது என்று லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அறிவித்தார்கள். 1929இல் பென்சார்ஸ் என்பவர் வெள்ளை எலிகளையும் சுண்டெலிகளையும் வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார். சவ்வுப் பையோடு சேர்த்துச் சூலகத்தை எடுத்தபோது எதுவும் முளைக்கவில்லை. அதற்கு முன் முளைத்ததாகச் சொல்லப்பட்டவை, கத்திக்குத் தப்பிய துணுக்குகளிலிருந்து வளர்ந்தவை என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த விவாதத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. முதலில் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்முன் சூலகத் திசு இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிழை. வளர்ந்திருப்பதைக் காண ஒரு நுண்ணோக்கி போதும். அது எதிலிருந்து வளர்ந்தது என்று அறிய, நம் கை எதை விட்டுவைத்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

2

லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்ட்டர் 1787இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஒத்த வளர்ச்சியுள்ள இரண்டு பெண் பன்றிகளில் ஒன்றுக்கு மட்டும் ஒரு சூலகத்தை அகற்றினார். மற்றதை அப்படியே விட்டார். இரண்டும் ஈன்ற குட்டிகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிவந்தார். சூலகம் ஒன்றை இழந்த பன்றி எட்டு ஈற்றில் 76 குட்டிகள் போட்டது. முழுப் பன்றி பதின்மூன்று ஈற்றில் 162 போட்டது.

கணக்குப் போட்டால் முதலாவது ஓர் ஈற்றுக்கு ஒன்பது பத்துக் குட்டிகள், இரண்டாவது பன்னிரண்டு. சூலகம் பாதியானபோது ஈற்று பாதியாகவில்லை. எஞ்சிய ஒரு சூலகம் இரண்டின் வேலையையும் ஏறத்தாழச் செய்தது. ஆனால் சீக்கிரமே ஓய்ந்தது. சேமிப்பில் இருந்த கருமுட்டைகள் இரட்டை வேகத்தில் செலவானால் அப்படித்தான் ஆகும்.

பறிகொடுத்த உடல், மிஞ்சியதை அளந்து அதற்கேற்பத் தன் ஆசையைக் குறைத்துக்கொள்வதில்லை. மிஞ்சியதிடம் முழு வேலையையும் கேட்கிறது. ஹன்ட்டரின் காலத்தில் இதற்கு விளக்கம் கிடையாது. ஹார்மோன் என்ற கருத்தே அப்போது பிறந்திருக்கவில்லை.

3

இன்று விளக்கம் தெரியும். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, சூலகத்தையும் விரையையும் தூண்டும் இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. தூண்டப்பட்ட சூலகம் ஈஸ்ட்ரோஜன் முதலானவற்றைச் சுரக்கிறது. அவை மேலே போய்ப் பிட்யூட்டரியை அடக்குகின்றன. அனுப்பியது போதும் என்ற செய்தி அது. சூலகத்தை அகற்றினால் அந்தச் செய்தி நின்றுபோகிறது. பிட்யூட்டரி தன் தூண்டுதலைப் பல மடங்கு கூட்டுகிறது. கேட்க யாரும் இல்லாத உடலில் அந்த அழைப்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு துணுக்கு தப்பியிருந்தால், அவ்வளவு அழைப்பும் அதற்கே போய்ச் சேரும். முழுச் சூலகத்துக்கும் கிடைக்காத தூண்டுதல் அந்தச் சிறு துண்டுக்குக் கிடைக்கும். அது பருக்கும். அதனுள் நுண்பைகள் உருவாகும். அது சுரக்கத் தொடங்கும்.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எஞ்சியதை வளர்ப்பது அதனுடைய சொந்த வலிமை மட்டுமல்ல. இல்லாமற்போனதன் வெற்றிடமே அதை வளர்க்கிறது.

4

கருத்தடை அறுவை முடிந்த பெட்டை நாய் சில மாதங்கள் கழித்து, சிலசமயம் சில ஆண்டுகள் கழித்து, மறுபடி பருவத்துக்கு வருவதுண்டு. பிறப்புறுப்பு வீங்கும். ரத்தக் கசிவு தெரியும். ஆண் நாய்கள் வாசலில் கூடும். பூனையானால் இரவெல்லாம் கத்தும், தரையில் புரளும், முதுகைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கும். கருப்பையை எடுத்திருந்தால் குட்டி தங்காது. ஆனால் உடல் பருவத்தை முழுமையாக நடிக்கும். இல்லை, அது நடிப்பில்லை. அந்த உடலில் ஈஸ்ட்ரோஜன் உண்மையாகவே ஓடுகிறது.

நாயின் சூலகம் கொழுப்பு மூடிய ஒரு பைக்குள் ஒளிந்திருக்கும். ஆகவே மேலிருந்து பார்த்தால் அதன் விளிம்பு தெரியாது. விலா எலும்பின் அடியில் பின்புறமாக ஓர் இறுக்கமான தசைநார் அதை இழுத்துப் பிடித்திருக்கும். வலப்பக்கத்துச் சூலகம் இடப்பக்கத்ததைவிடச் சற்று முன்னால், ஆழத்தில் இருக்கிறது. வயிற்றில் சிறிய கீறல் போட்டு, அதன் வழியே இழுத்துக் கட்டி அறுக்கும்போது, கட்டுக்கு மேல் ஒரு மெல்லிய சீவல் நின்றுவிடக்கூடும். அல்லது அறுத்தெடுக்கும்போது ஒரு துண்டு வயிற்றுக்குள் நழுவி விழலாம். பூனைகளில் சூலகத் துண்டுகளைக் குடல் தாங்கும் சவ்வில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவை புதிய ரத்தக் குழாய்களை ஈர்த்துக்கொண்டு உயிர்பெற்றன, வேலையும் செய்தன.

இதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. பருவ நாட்களில் பிறப்புறுப்பிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால் ஈஸ்ட்ரோஜனின் தடயம் தெரியும். சூலகமும் விரையும் மட்டுமே தயாரிக்கும் ஆன்ட்டி முல்லேரியன் ஹார்மோன் ரத்தத்தில் இருக்கிறதா என்றும் சோதிக்கலாம். இருந்தால் துணுக்கும் இருக்கிறது. விட்டுவிட்டால் ஆபத்து. மிஞ்சிய கருப்பைத் தண்டில் சீழ் கட்டலாம், முலைகளில் கட்டி வரலாம், துணுக்கிலேயே புற்று எழலாம்.

பாலூட்டிகளில் நடக்கும் மறுவளர்ச்சியில் பெரும்பகுதி இதுதான். அருகம்புல்லைப் பிடுங்கியவருக்குத் தெரியும், மண்ணுக்குள் நின்ற ஒரு கணு போதும் என்று.

5

கோழியின் உடலில் விரைகள் வெளியே தொங்குவதில்லை. முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் முன்முனையில், பெரிய ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இறைச்சிக்காகச் சேவலைக் காயடிப்பவர்கள் கடைசி இரு விலா எலும்புகளுக்கு இடையே கீறி உள்ளே போவார்கள். பக்கத்துக் குழாய் கிழிந்தால் குஞ்சு அங்கேயே சாகும். அந்த அச்சத்தில் கை சற்றுத் தயங்கினால் விரையில் ஒரு சிறு பகுதி நின்றுவிடும். வாரங்கள் கழித்து அந்தப் பறவைக்குக் கொண்டை சிவந்து நிமிரும். அது கூவத் தொடங்கும். அரைகுறையாகக் காயடித்த பறவை என்று பண்ணைக்காரர்கள் அதைத் தனியே பிரித்து வைப்பார்கள்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்த்தோல்ட் ஆறு இளஞ்சேவல்களில் செய்த ஒரு சோதனையின் முடிவை 1849இல் வெளியிட்டார். இரண்டு சேவல்களின் விரைகளை முழுவதும் அகற்றினார். அவற்றின் கொண்டை சுருங்கியது, கூவல் நின்றது. மற்றவற்றில் விரை ஒன்றை அதன் இடத்திலிருந்து பிரித்து வயிற்றுக்குள்ளேயே விட்டார், அல்லது வேறொரு சேவலின் விரையை வைத்தார். அவை முழுச் சேவல்களாக வளர்ந்தன, கூவின, சண்டையிட்டன. பிறகு அறுத்துப் பார்த்தபோது விரை குடலோடு ஒட்டிப் புதிய ரத்தக் குழாய்களோடு வாழ்ந்துகொண்டிருந்தது. நரம்புத் தொடர்பு இல்லை. ஆகவே விரை எதையோ ரத்தத்தில் கலக்கிறது, அதுவே உடலை நடத்துகிறது என்று அவர் உய்த்துணர்ந்தார். ஹார்மோன் அறிவியலின் முதல் ஏடுகளில் ஒன்று இது.

அறுவையாளர் பிரித்து வைத்ததும், தவறிப்போய் விட்டதும் உடலுக்கு ஒன்றே. ரத்தம் எட்டுகிற இடத்தில் திசு இருந்தால் அது வாழும்.

மயக்கமருந்து இல்லாமல் குஞ்சின் விலாவைக் கீறும் வழக்கம் உலகில் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கொண்டை சுருங்குவதற்குக் கொடுக்கும் விலை அல்ல அது.

6

பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா என்று நம் ஊர்களில் கேட்பார்கள். கூவும் பெட்டை வீட்டுக்கு ஆகாது என்று அறுத்துவிடுவதும் உண்டு. அந்தப் பெட்டையின் உடலுக்குள் நடப்பதை அறிந்தால் யாரும் கத்தி எடுக்கத் தயங்குவார்கள்.

கோழிக்கரு வளரும்போது இடமும் வலமும் இரண்டு பாலுறுப்பு மொட்டுகள் தோன்றுகின்றன. இடப்பக்கத்தது சூலகமாகிறது. வலப்பக்கத்தது வளர்ச்சி நின்று, தடம் தெரியாத அளவுக்குச் சிறுத்துக் கிடக்கிறது. 1920களில் பிரான்சில் ஜாக் பெனுவாவும், சிகாகோவில் டாமும் இளம் பெட்டைக் குஞ்சுகளின் இடச் சூலகத்தை அகற்றிப் பார்த்தார்கள். வலப்பக்கம் உறங்கிக் கிடந்த மொட்டு விழித்து வளர்ந்தது. சூலகமாக அல்ல, விரை போன்ற உறுப்பாக. கொண்டை எழுந்தது, இறகு சேவலின் இறகாக மாறியது, பெட்டை கூவியது.

கத்தி இல்லாமலும் இது நடக்கும். கட்டியோ நோயோ இடச் சூலகத்தை அழித்தால் போதும். எடின்பரோவில் எஃப். ஏ. இ. க்ரூ 1923இல் விவரித்த கோழி, ஒரு காலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. பின்னர் சேவலாக மாறி இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆனது. இறந்தபின் பார்த்தால் அதன் சூலகம் நோயால் சிதைந்திருந்தது.

1474இல் பாசல் நகரத்தில் முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டி ஒரு சேவலை விசாரித்து, முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். அது இப்படி மாறிய பெட்டையாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் தண்டிக்கப்பட்டது ஒரு நோயாளி.

7

உறங்கும் உறுப்பு விழிப்பது தேரையிடம் இன்னும் வியப்பான வடிவம் எடுக்கிறது. ஆண் தேரையின் விரையின் முன்முனையில், விரைக்குச் சொந்தமில்லாத ஒரு சிறு உறுப்பு ஒட்டியிருக்கிறது. அதற்குள் வளராத கருமுட்டைகள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோர்பாட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரெட்ரிக் பிட்டர் பெயரால் அதை பிட்டர் உறுப்பு என்கிறார்கள். மழைக்காலத்தில் நம் முற்றத்து விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் தேரைக்கும் அது உண்டு.

விரை இருக்கும்வரை அந்த உறுப்பு அமைதியாக இருக்கும். 1920களில் ஜெனீவாவில் கிட்டி பொன்ஸ் என்ற உயிரியலாளர் ஆண் தேரைகளின் விரைகளை அகற்றி, பிட்டர் உறுப்பை விட்டுவைத்தார். காலம் செல்லச் செல்ல அது பருத்தது. முட்டைகளில் மஞ்சள் கரு சேர்ந்தது. அது செயல்படும் சூலகமானது. தேரை முட்டையிட்டது, அவை கருவுற்றுத் தலைப்பிரட்டைகள் பிறந்தன.

இங்கே முன்பு இருந்தது திரும்பி வரவில்லை. அகற்றியது விரை, வந்தது சூலகம். பறிக்கப்பட்ட உறுப்பு இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த வேறொரு சாத்தியம் வெளியே வந்திருக்கிறது. கோழியும் தேரையும் ஒன்றையே சொல்கின்றன. முழுமையாகத் தெரியும் ஓர் உறுப்பின் வேலையில் பாதி, பக்கத்தில் இருப்பதைப் பேசவிடாமல் வைத்திருப்பது.

8

எஞ்சியது வளரும் என்பதை மறந்து மனிதர்கள் திட்டமிட்டு ஏமாந்ததும் உண்டு. 1963இல் புல்கெண்டை மீனை, நீர்க்களையை மேய்ந்து அழிக்கும் என்று ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறுகளில் அது பெருகிவிடும் என்ற அச்சம் வந்தது. இனப்பெருக்க உறுப்புகளை அறுத்தெடுத்துவிட்டால் மீன் மேயும், பெருகாது என்று எண்ணினார்கள். மீனின் சூலகமும் விரையும் உடற்குழியின் நீளத்துக்கு நீண்டு கிடப்பவை. இருபக்கமும் நீக்கிய புல்கெண்டைகளில் அவை திரும்ப வளர்ந்ததை 1986இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கத்தி தோற்ற இடத்தில் வேறு வழி வந்தது. கருவுற்றவுடன் முட்டையை அழுத்தத்துக்கோ வெப்பத்துக்கோ ஆட்படுத்தி, மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள மீன்களை உருவாக்கினார்கள். அவற்றால் ஒழுங்கான விந்தையோ முட்டையையோ உருவாக்க முடிவதில்லை. பின்னால் வெட்டுவதைவிட முன்னாலேயே மாற்றுவது மீனுக்கும் நோகாத வழி.

9

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது. துணுக்கு, உறங்கும் மொட்டு, அடங்கிய உறுப்பு. எதுவுமே மிஞ்சாமல் பிறப்பது உண்டா?

குளத்துக் கல்லடியில் வாழும் தட்டைப்புழு பிளனேரியாவில் உண்டு. அதில் சில இனங்கள் ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக இருப்பவை. சூலகங்கள் தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கின்றன. அதற்கும் முன்னால் வெட்டினால், தலைத் துண்டில் சூலகமும் இல்லை, விரையும் இல்லை. தாமஸ் ஹன்ட் மார்கன் 1900களின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்தார். அந்தத் தலைத் துண்டு ஒரு முழுப் புழுவாக வளர்கிறது, சூலகமும் விரையும் உட்பட. பட்டினி போட்டால் இந்தப் புழு தன் இனப்பெருக்க உறுப்புகளைத் தானே கரைத்து உண்டு சிறுக்கும். உணவு வந்ததும் மறுபடி கட்டும்.

1892இல் ஆகஸ்ட் வைஸ்மன் ஒரு கோட்டை வரைந்தார். உடல் செல்கள் ஒருபக்கம், சந்ததிக்கான செல்கள் மறுபக்கம். உடலிலிருந்து சந்ததிக்குப் பாதை இல்லை. பாலூட்டிகளில் அந்தக் கோடு உறுதியாக நிற்கிறது. பிளனேரியாவில் நிற்கவில்லை. அதன் உடலெங்கும் பரவியுள்ள நியோபிளாஸ்ட் என்ற குருத்துச் செல்கள் தசையையும் நரம்பையும் உருவாக்குவதுபோல விந்தையும் முட்டையையும் உருவாக்கும் செல்களையும் தருகின்றன. 2007இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நானோஸ் என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, புழு தன் மற்ற உறுப்புகளை எல்லாம் மீட்டது. சந்ததிச் செல்கள் மட்டும் வரவில்லை.

அப்படியானால் இங்கும் ஒன்று மிஞ்சித்தான் இருந்தது. உறுப்பாக அல்ல, திறனாக. பாலூட்டி தன் திறனைப் பிறப்புக்கு முன்பே ஒரு சிறு கூட்டத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. பிளனேரியா அதை உடல் முழுக்கப் பகிர்ந்து வைத்திருக்கிறது. ஒன்றை வெட்டினால் போகும், மற்றதை எங்கே வெட்டினாலும் போகாது.

10

நான் வந்து சேர்ந்த இடம் இது. வெறுமையிலிருந்து எந்த உறுப்பும் வளர்வதில்லை. வளர்வது எல்லாம் எஞ்சியதிலிருந்து. எஞ்சியது ஒரு துணுக்காக இருக்கலாம், அடக்கப்பட்ட மொட்டாக இருக்கலாம், உடலெங்கும் சிதறிய திறனாக இருக்கலாம். எதுவாயினும் அதை வளரச் சொல்வது அகற்றப்பட்டதன் இடம்.

விலங்கின் உடலில் கத்தி வைப்பது தவறென்று இதிலிருந்து நான் முடிவு செய்யவில்லை. சென்னையின் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை வலியுறுத்தியது. 1990களில் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. எத்தனையோ நாய்களை நஞ்சிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் காப்பாற்றிய வழி அது. அதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். வீட்டு நாய்க்கு மறுபடி பருவம் வந்தால் கவனிக்க ஓர் ஆள் உண்டு. காதில் வெட்டடையாளத்தோடு தெருவுக்குத் திரும்பிய நாய்க்கு யாரும் இல்லை. அதன் வயிற்றில் ஒரு சீவல் நின்றுவிட்டால் அது யாருக்கும் தெரியாமல் துன்பப்படும். ஆகவே அறுத்தெடுத்த சூலகத்தை மேசையில் வைத்து, பையைப் பிரித்து, அது முழுமையாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவாகும் ஒரு நிமிடம் மிகப் பெரிய கருணை. எண்ணிக்கை இலக்குகள் அந்த நிமிடத்தைத் தின்னக் கூடாது.

விலங்கு வளர்ப்பவர்களுக்கும் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்கும் ஒரு சொல். கருத்தடை செய்த பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்தால் அதிசயம் என்று ஒதுக்காதீர்கள், அதை அடித்து விரட்டாதீர்கள், மருத்துவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கும் போகாதீர்கள். அந்தப் பருவ நாட்களிலேயே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எஞ்சிய துணுக்கு பருத்து, அறுவையாளரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது அந்த நாட்களிலும் அதையடுத்த சில வாரங்களிலும்தான்.